பதின்மூன்று மில்லிமீற்றர்

தம்பி,

சுகம் கேட்டு எழுதுகிற தூரத்துக்கு நீ இன்னும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நீ பயணப் பையைத் திறப்பதும் மூடுவதும் எனக்குக் கேட்கிறது. எழும்பி வந்து வாயால் சொல்லலாம். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்றுதான் எழும்புகிறேன். குசினி வாசல்வரைக்கும் வருவேன், நீ நிமிர்ந்து பார்ப்பாய், உடனே "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் அம்மா உண்மையிலேயே தேத்தண்ணி போட்டுத் தருவாள். டென்மார்க்கின் இந்தக் கிரின்ஸ்டெட்டில் இவ்வளவு தேத்தண்ணியை வீணாகக் குடித்த மனிதன் வேறு எவனும் இருக்கமாட்டான். கத்துவதற்கு எனக்கு எப்போதும் வாய் இருந்தது, உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு துணிவு போய்விடும். முதியோர் இல்லத்தின் புதுக் கட்டடத்தில் பதினாலு அறைகளின் சீலிங்கிலும் லைட் மாட்ட நீ பொருத்தியிருந்த வயர்ப் பெட்டிகளை இடம் மாற்றியவன் நான். உன் கையில் ஒரு பிழையும் இல்லை. நீ வைத்தது சரி. உன் அப்பன் ஏறிக் கெடுத்தான். உன் வேலை போனது என்னால். நாளைக் காலை நீ பஸ் ஏறுவதும், கனடாவில் மாமா வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போவதும் என்னால்தான்.

எப்படி நடந்தது என்றும் எழுதவேண்டும். ஊரில் நான் இருபத்தாறு வருடம் வயரிங் வேலை செய்தவன். ஒரு வீட்டுக்குள் போனால் சுவிட்சைப் பார்த்தே இது நான் செய்தது, இது வேறு ஆள் செய்தது என்று சொல்லிவிடுவேன். இங்கே வந்தபோது வேலை தேடித் தருகிற கந்தோர்ப் பெண்பிள்ளை என்னுடைய சான்றிதழ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பைலுக்குள் வைத்து, சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தாள். முதியோர் இல்லத்தில் சலவை அறை கிடைத்தது. கட்டில் விரிப்புகளை மெசினில் போட்டு எடுத்து மடிப்பேன். நான் குறை சொல்லவில்லை, சோறு போட்ட வேலை. ஆனால் உனக்கு அந்த எலக்ட்ரீசியனிடம் லேர்பிளஸ் கிடைத்த நாள் (பயிற்சி வேலையை இங்கே அப்படித்தானே சொல்கிறார்கள்) எனக்கு வந்தது முழுச் சந்தோசமா என்று கேட்டால், இல்லை. ஜெபக்கூட்டத்தில் எழும்பிச் சாட்சி சொன்னேன், "என்ர பிள்ளைக்குக் கர்த்தர் வாசல் திறந்தவர்" என்று அழுதேன், எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வீட்டுக்கு நடந்து வருகிறபோது நெஞ்சுக்குள் என்னவோ கடித்தது. மூடின வாசலுக்கு வெளியே நிற்கிறவன் நானல்லவா. பெற்ற பிள்ளையைப் பார்த்து எரிச்சல்பட்டேன், தம்பி. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசை உனக்கு ஞாபகம் இருக்கும். கோதுமை மாப் புட்டும் மீன் குழம்பும். உன் மூன்று மாதப் பரீட்சார்த்தக் காலத்தில் இரண்டாவது மாதம். அந்த மூன்று மாதத்துக்குள் முதலாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை என்று நீ முதலிலேயே எங்களுக்கு விளங்கப்படுத்தியிருந்தாய்.

"எத்தினை பெட்டி முடிச்சனி?" என்று கேட்டேன்.

"பதினாலும் முடிஞ்சுது அப்பா. திங்கட்கிழமை பலகை அடிக்கிற ஆக்கள் வருவினம்."

"நான் இண்டைக்கு வேலை முடிஞ்சு வரேக்கை எட்டிப் பாத்தனான். பெட்டியெல்லாம் சட்டத்துக்குக் கீழ தொங்குது. அதுக்கு மேல எப்பிடியடா பலகை இருக்கும்?"

"இல்லை அப்பா, இஞ்ச அப்பிடித்தான். கிப்ஸ் பலகை பதின்மூண்டு மில்லிமீற்றர். பெட்டியின்ர விளிம்பு பலகையின்ர முகத்தோட..."

"நீ பிறக்க முன்னம் நான் வயர் இழுத்தவன். எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

நீ சாப்பாட்டுக் கோப்பைக்குள் குனிந்துவிட்டாய். அம்மா, "பிள்ளை சொல்லுறதை முடிய விடுங்கோவன்" என்றாள். நான் விடவில்லை. நீ சொல்ல வந்ததில் அரைவாசி வசனம்தான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. அந்த அரை வசனத்தை இப்போது நானே எத்தனையோ முறை சொல்லி முடித்துவிட்டேன்.

ஊரில் பலகைச் சீலிங் அடிக்கிற வீடுகளில் தச்சன் முதல் வருவான், வயர்க்காரன் பிறகு வருவான். சீலிங் முழுதாய் முடிந்த பிறகு விரல் போகிற அளவுக்கு ஒரு துளை போட்டு, வயரைக் கீழே இழுத்து, சீலிங்குக்கு அடியில் ஒரு வட்டப் பலகையை வைத்து முறுக்கி, அதில் லைட்டை மாட்டுவோம். துளை கோணலோ, பெரிதோ, வட்டப் பலகை எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கே தலைகீழ். வயர்க்காரன் முதல் வந்து வெறும் சட்டத்தில் பெட்டியை முறுக்கிவிட்டுப் போகவேண்டும். பிறகுதான் கிப்ஸ் என்கிற சுண்ணாம்புப் பலகை. பலகை அடித்த பிறகு பெட்டியின் விளிம்பு பலகையின் முகத்தோடு ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். உள்ளே போனால் பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே மரமும் குளிருக்கு அடைத்த பஞ்சும் திறந்துகிடக்கும், ஒரு பொறி போதும். வெளியே வந்தால் லைட் ஒட்டி இருக்காது. அதனால்தான் நீ இன்னும் இல்லாத ஒரு பலகைக்கு இடம் விட்டு, எல்லாப் பெட்டிகளையும் பதின்மூன்று மில்லிமீற்றர் கீழே இறக்கி வைத்திருந்தாய். எனக்கு அது தொங்குகிற மாதிரித் தெரிந்தது. பலகைக்காரன் திங்கட்கிழமை வந்து பார்த்துச் சிரிப்பான், முதலாளி உன்னைத் துரத்திவிடுவான் என்று எனக்குப் பயம் வந்தது. நான் உன்னைக் காப்பாற்றப் போனேன் என்று சொன்னால் நம்புவாயா? பாதி அதுதான். மற்றப் பாதி, எத்தனை வருடத்துக்குப் பிறகு என் கை ஒரு சீலிங்கைத் தொடப்போகிறது என்ற ஆசை.

சனிக்கிழமை எனக்கு வேலை. புதுக் கட்டடத்துக்கும் சலவை அறைக்கும் நடுவே ஒரு பிளாஸ்ரிக் திரைதான். மத்தியானச் சாப்பாட்டு மேசை விரிப்புகளை மெசினில் போட்டுவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு போனேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்குரூ டிரைவர் என் பொக்கற்றில் இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதே, எப்போதும் அதில்தான் இருக்கும். முதலாவது அறையில் நீ ஏணியை விட்டிருந்தாய், அதன் மேற்படியில் ஒரு துண்டுக் கிப்ஸ் பலகை. பென்சிலால் 13 என்று எழுதியிருந்தாய். அதைச் சட்டத்தோடு பிடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் நீ ஒவ்வொரு பெட்டியையும் மட்டம் எடுத்திருக்கிறாய். மூளை உள்ளவன் அதைப் பார்த்தே விளங்கியிருப்பான். நான் அதன்மேல் என் தேத்தண்ணிப் போத்தலை வைத்தேன்.

பதினாலு பெட்டி, பெட்டிக்கு இரண்டு ஸ்குரூ. கழற்றி, பெட்டியைச் சட்டத்தோடு மட்டமாகும்வரை மேலே தள்ளி, திரும்ப முறுக்கினேன். கடைசித் திருப்பில் ஸ்குரூத் தலையின் கோடு எல்லாம் அறையின் நீளப் பக்கமாக ஒரே திசையில் நிற்கும்படி விட்டேன். அது என் பழக்கம். எவனும் பார்க்காத இடத்திலும் அப்படித்தான் செய்வேன். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில், "அப்பா, உங்கட ஸ்குரூவுக்கு வடக்குத் தெற்குத் தெரியுமோ?" என்று பகிடி பண்ணுவாயே, அது. உனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் வந்ததில்லை. இறுகினால் சரி என்பாய். அன்றைக்கு இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா? இந்த நாட்டில் நான் சந்தோசமாக இருந்த ஒரே மத்தியானம் அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை நீ மூன்று கிழமைக்குத் தொழிற்பள்ளிக்குப் போய்விட்டாய். பலகைக்காரர் வந்தார்கள். பெட்டி கீழே நீட்டிக்கொண்டு நின்றிருந்தால் கண்ணில் பட்டிருக்கும், அளந்து வெட்டியிருப்பார்கள். மேலே ஏறிவிட்ட பெட்டிகளில் ஐந்தைத்தான் கண்டார்கள். ஒன்பதை அப்படியே பலகையால் மூடி, பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். நீ திரும்பி வந்து லைட் மாட்ட ஏணியில் ஏறியபோது ஒன்பது அறையில் மாட்ட இடமே இல்லை. மற்ற ஐந்திலும் பெட்டி பலகைக்குள்ளே புதைந்து கிடந்தது. பரிசோதிக்க வந்த மின்சாரக்காரர் ஒரு பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திறக்கச் சொல்லிவிட்டார். இவ்வளவும் நீ அன்று பின்னேரம் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னது.

"அம்மா, நான் அளந்துதான் வைச்சனான். ஆரோ மாத்தியிருக்கினம்" என்றாய். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. அப்போது உன் அப்பன் வாயைத் திறந்து என்ன சொன்னான்? "ஆர் வந்து மாத்தப்போறாங்கள்? உன்ர கவனக்குறைவை மற்றவன்ர தலையில போடாத." அதைத்தான் சொன்னேன். அந்த வாயால்தான் சொன்னேன். அடுத்த நாள் நீ வேலையிலிருந்து நேரத்தோடு வந்தாய், கை கழுவினாய், துவாயால் துடைத்துக்கொண்டு என்னைக் கனநேரம் பார்த்தாய். பிறகு, "ஓம் அப்பா. என்ர பிழைதான்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது. பிள்ளைக்குத் தன் அளவிலேயே சந்தேகம் வந்துவிட்டது, இனி ஒருவரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தக் கிழமையே வேலை போனது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னைக் கூட்டத்தில் முன்னால் கொண்டுபோய் முழங்காலில் விட்டாள். பாஸ்டர் உன் தலையில் கை வைத்து, கவனக்குறைவின் ஆவியே விலகிப் போ என்று அதட்டினார். குடும்பத் தலைவன் என்று என்னையும் கூப்பிட்டுக் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். உன் தலைமயிர் மழையில் நனைந்திருந்தது. சபையில் எல்லோரையும்விட நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வருவதில்லை, தம்பி. வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

நீ கனடாவுக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்குப் புத்தி கொஞ்சம் அசைந்தது. போன வியாழக்கிழமை உன் முதலாளியின் வேர்க்சொப்புக்குப் போனேன். டெனிஷில் மூன்று வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். பெட்டிகளை மாற்றியது நான். என் மகன் அல்ல. அவனைத் திரும்ப எடுங்கள். ஸ்குரூ டிரைவரையும் சாட்சிக்குக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், கோப்பி ஊற்றித் தந்தார், எனக்கு விளங்கவேண்டும் என்று சொல் சொல்லாக நிறுத்திக் கதைத்தார். நல்ல மனிதன். நான் நினைத்ததுபோல் கடுமையான ஆள் இல்லை.

"முதல் நாள் அவன் என்னோட சண்டை பிடிச்சான். அளந்துதான் வைச்சது எண்டு சத்தியம் பண்ணினான். எனக்கு நம்பவேணும் போல இருந்தது" என்றார். "அடுத்த நாள் பலகையை வெட்டினம். டோர்ச்சோட அவன்தான் மேல ஏறினான். கனநேரம் இறங்கேல்லை. இறங்கி வந்து, நான்தான் மாத்தினனான் எண்டான். ஏனெண்டு கேட்டன். வாய் திறக்கேல்லை. பிழை விட்ட பெடியனை நான் வைச்சிருப்பன், நானும் விட்டனான்தான். முதல் நாள் முகத்துக்கு நேர பொய் சொன்னவனை எப்பிடி வைச்சிருக்கிறது?"

தகப்பன்தான் செய்தது என்று அவன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "உங்களைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பன். பிறகு சிரிச்சிருப்பன். பெடியன் இஞ்சதான் இருந்திருப்பான்." உன் இடத்துக்கு வேறொரு பெடியன் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம். இன்னொரு ஆளுக்கு வேலை இல்லையாம். உனக்குச் சொல்லச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார் என்று. அதையும் இந்தத் தாளில்தான் சொல்கிறேன்.

எழும்பி வாசலுக்கு வந்தவன் திரும்பி நின்று, "மேல அவ்வளவு நேரம் என்ன பாத்தவன்?" என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "என்னத்தை, பெட்டியைத்தான். ஸ்குரூவுக்கு டோர்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தான்."

அந்த வேர்க்சொப்புக்கு வெளியே ஒரு சைக்கிள் நிறுத்துகிற கம்பி இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாலு பெட்டி, இருபத்தெட்டு ஸ்குரூ, எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. என் பெயரை எழுதி வைத்திருந்தால்கூட உனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது. நீ கை துடைத்துக்கொண்டு என்னைக் கனநேரம் பார்த்தது அதற்கல்லவா? நான் சொல்லுவேன் என்று நின்றாயா? நீ எனக்கு எவ்வளவு நேரம் தந்தாய் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு மாதம். ஒரே மேசை, ஒரே சோறு. "அப்பா, குழம்பு போடட்டோ?" என்று கேட்டு எனக்கு ஊற்றிவிட்டுத்தான் நீ போட்டுக்கொண்டாய். பாஸ்டர் உன்னிடமிருந்து ஆவியை விரட்டியபோது தலையில் இருந்த என் கைக்குக் கீழே நீ எல்லாம் தெரிந்துகொண்டுதான் முழங்காலில் இருந்தாய். ஐயோ, என்ன பிள்ளை நீ.

புத்தி சொல்லி முடிப்பதுதான் தகப்பன் எழுதும் கடிதத்துக்கு வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் பழக்கதோசம் விடவில்லை. மற்றவன் செய்த பிழையை இனி நீ சுமக்காதே. அது உன் அப்பனாக இருந்தாலும் சரி, அப்பனாக இருந்தால் கட்டாயம் சுமக்காதே. நீ வாய் திறந்திருந்தால் என் மானம் ஒரு பின்னேரம் போயிருக்கும், அவ்வளவுதான். நீ வாயை மூடியதால் உன் வேலை போனது, பெயர் போனது, இப்போது நீயும் போகிறாய். என் மானம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன்னை நிற்கச் சொல்லவும் எனக்கு வழியில்லை, நிற்க இங்கே உனக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வருவாய் என்று அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கோப்பைச் சோறு சாப்பிட நீ வரவேண்டிய அவசியம் இல்லை. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கேட்டால் உடனே "ஓம் அப்பா" என்று சொல்லிவிடுவாய். அந்தச் சொல்லை இனி என்னால் கேட்க முடியாது.

இதை உன் பையில் சட்டைகளுக்கு நடுவே வைக்கப்போகிறேன். அங்கே போய்த் துணி எடுக்கும்போதுதான் காண்பாய். நாளைக் காலை பஸ் தரிப்பிடத்தில் நான் வழக்கம்போல் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்று, பாஸ்போட்டை எடுத்தாயா, குளிர்ச்சட்டை போட்டாயா என்று கேட்பேன். கடைசிவரை கோழைதான்.

நேற்று அம்மா கேட்டாள் என்று குசினியில் புது லைட் மாட்டினாயே. இன்றைக்கு நீ சபை ஆட்களிடம் பயணம் சொல்லப் போயிருந்த நேரம் கதிரையைப் போட்டு ஏறினேன். லைட்டின் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தேன். அந்தப் பெட்டி இந்த வீட்டைக் கட்டியவன் வைத்தது, ஒழுங்காய்ச் செய்திருக்கிறான். சீலிங்கிலிருந்து பெட்டியின் விளிம்புக்கு விரலை ஓட்டினேன், எங்கே பலகை முடிந்தது, எங்கே பெட்டி தொடங்கியது என்று விரலுக்குத் தெரியவில்லை. இதைத்தான் நீ அந்த வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்ல வந்தாய். பிறகு நீ முறுக்கிய இரண்டு ஸ்குரூவையும் பார்த்தேன். ஒன்று குறுக்காக, மற்றது கோணலாக, உன் வழக்கம்போல். கை தானாகப் பொக்கற்றுக்குப் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டது. கால் திருப்புத் திருப்பினால் போதும், இரண்டும் நேராகிவிடும்.

"என்னப்பா செய்யிறியள் மேல ஏறி நிண்டு?" என்று அம்மா குசினி வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்றேன். கிண்ணத்தைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினேன். நீ வைத்தபடியே இருக்கிறது, தம்பி. நான் தொடவில்லை.

அப்பா